சார்ஜ் ஏறலையா? ஒயரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

எங்கள் வீட்டில் பழைய முறுக்கு டின் ஒன்று சார்ஜர் ஒயர்களுக்கென்றே இருக்கிறது. "இது செத்துப்போச்சு" என்று யார் சொன்னாலும் அந்த ஒயர் டின்னுக்குள் போய்விடும், மறுநாள் புதிதாக ஒன்று வரும். போன பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது டின்னைக் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 14. அதில் 6 ஒயர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கோளாறு போனில் ஒயரைச் செருகும் ஓட்டையிலோ, அடாப்டரிலோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ இருந்திருக்கிறது. பழி மட்டும் ஒயர்மேல் விழுந்திருக்கிறது.

அதனால் மலிவாக ஒயர் வாங்க வழி கேட்பவர்களிடம், முதலில் வாங்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ நேராக அங்கே போகலாம். ஆனால் இந்த ஒரு சோதனையை முடித்துவிட்டுப் போங்கள்.

எல்லோருக்கும் பொதுவான முதல் சோதனை

சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட், அடாப்டர், ஒயர், போனின் ஓட்டை. மின்சாரம் இந்த நான்கையும் தாண்டித்தான் பேட்டரிக்குப் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே ஒயரை வேறு அடாப்டரில் போடுங்கள். அப்புறம் அதே அடாப்டரில் வேறு ஒயர். அப்புறம் அதே ஒயரில் வேறு போன். எதை மாற்றியதும் சரியாகிறதோ, அதுதான் குற்றவாளி. நம்மில் பலர் அவசரத்தில் அடாப்டரையும் ஒயரையும் சேர்த்தே மாற்றிவிட்டு, "ஆங், ஒயர்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் முறுக்கு டின் நிரம்ப ஆரம்பிக்கிறது.

சுத்தமாக ஏறவே இல்லை

எந்த ஒயரைப் போட்டாலும் ஏறவில்லை, ஆனால் அதே ஒயர்கள் பக்கத்து வீட்டுப் போனுக்கு வேலை செய்கின்றன என்றால், டார்ச் வெளிச்சத்தில் போனின் ஓட்டைக்குள் பாருங்கள். சட்டைப் பையிலும் ஜீன்ஸ் பையிலும் இருக்கும் பஞ்சுத்தூசி உள்ளே போய், ஒவ்வொரு தடவை ஒயரைச் செருகும்போதும் இன்னும் உள்ளே தள்ளப்பட்டு, அடியில் கம்பளித்துணி மாதிரி கெட்டியாகப் படிந்துவிடும். ஒயர் முழுசாக உள்ளே போகாது. செருகிய பிறகு ஒயரின் உலோக மூக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தெரிந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியைக் கொஞ்சம் சீவி மெலிதாக்கி, ஓரமாக விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். டைப் சி ஓட்டையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதன்மேல் அழுத்தக் கூடாது. ஊக்கு, குண்டூசி, ஹேர்பின் எதுவும் கிட்டவே வரக் கூடாது. என் சித்தியின் போனிலிருந்து உளுந்து அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டை வந்தது.

"ஏன்டா, இதுக்கா நான் மூணு ஒயர் வாங்கினேன்?" என்றார்.

"ஆமா சித்தி. மூணும் டின்லதான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

மழையில் நனைந்த போன் நீர்த்துளிப் படத்தைக் காட்டிக்கொண்டு சார்ஜை மறுத்தால், அது ஒயரின் கோளாறும் இல்லை, போனின் கோளாறும் இல்லை. ஓட்டைக்குள் ஈரம் இருக்கிறது என்று அதுவே சொல்கிறது. ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிவிட்டு, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசி டிரம்முக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று 2024 ஜனவரியில் ஆப்பிளே தன் உதவிக் குறிப்பில் எழுதிவிட்டது.

ஆட்டிப் பிடித்தால் ஏறுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது

இரண்டு இடங்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். போனை மேசையில் அசையாமல் வைத்து, ஒயரை மூக்கிலிருந்து ஒரு விரல்கட்டைத் தூரத்தில் பிடித்து வளையுங்கள். அப்போது வந்து வந்து போனால், உள்ளே கம்பி இழைகள் அறுந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒயரும் மூக்கும் சேரும் கழுத்தில்தான் அறுபடும், ஏனென்றால் நாம் ஒயரைப் பிடித்துத்தான் பிடுங்குகிறோம். இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை மாட்டுவதும் புது ஒயருக்கு ஓரளவு காப்பு. அறுந்த பிறகு செய்தால் பிணத்துக்குப் போர்வைதான். தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்து அறுந்து ஒட்டும் இடம் சூடாகும்.

ஒயரை வளைத்தால் ஒன்றும் ஆகவில்லை, மூக்கை ஓட்டைக்குள் ஆட்டினால்தான் வந்து போகிறது என்றால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. இங்கே ஒரு நல்ல செய்தி. டைப் சியில் ஓட்டையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் இருப்பது ஒயரின் மூக்கில், போனில் இல்லை. மைக்ரோ யூஎஸ்பியிலும் அப்படித்தான். தேய்மானம் மலிவான பக்கத்தில் விழட்டும் என்று யோசித்தே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். எனவே தூசி எடுத்த பிறகும் லூஸாக இருந்தால், போனைச் சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு புது ஒயரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் லூஸ் என்றால்தான் சார்ஜிங் பின் மாற்றும் பேச்சே.

ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டால்தான் ஏறுகிறது

டைப் சியை எந்தப் பக்கம் போட்டாலும் ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால், வேறு ஒயரை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அதே கதை என்றால் போனின் நாக்கில் ஒரு பக்கத்துப் பின்னில் அழுக்கோ துருவோ. அந்த ஒயருக்கு மட்டும் என்றால் ஒயர். பழைய ஐபோன்களின் லைட்னிங் ஒயரில் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டுத் தங்கநிறப் பின்களில் ஒன்று மட்டும் கறுத்துத் தீய்ந்திருக்கும். பின்கள் வெளியே தெரியும் ஒயரை எப்போதும் பிளக்கில் போட்டே வைத்து, ஈரக் கையால் தொடும் வீடுகளில் இது சீக்கிரம் வரும். ஐபோன் 14 வரை லைட்னிங், 2023 செப்டம்பரில் வந்த 15 முதல் டைப் சி. பழையது வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் எம்எஃப்ஐ சான்று உள்ள ஒயரை வாங்கினால், ஆதரிக்கப்படாத சாதனம் என்று போன் முரண்டு பிடிப்பது தவிரும்.

ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

அதிகப் பேர் வந்து நிற்கும் இடம் இதுதான். காசு வீணாவதும் இங்கேதான்.

முதலில் எதில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிவியின் பின்பக்க யூஎஸ்பி, பழைய லேப்டாப்பின் ஓட்டை எல்லாம் பெரும்பாலும் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். இப்போதுள்ள 5000 எம்ஏஎச் பேட்டரிக்குள் கிட்டத்தட்ட 19 வாட்-மணி நேரம் கொள்ளும். இரண்டரை வாட்டில் அதை நிரப்ப எட்டு மணி நேரம் போதாது. தங்க ஒயரே போட்டாலும் அதுதான் வேகம். 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாக ஏறுவதும், வெயிலில் சூடான போன் மெதுவாக ஏறுவதும் போன் தானாகச் செய்துகொள்ளும் கட்டுப்பாடு. ஒயரை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் இல்லை, நல்ல அடாப்டர்தான், இந்த ஒயரில் மட்டும் மெதுவாக ஏறுகிறது என்றால், உள்ளே இருக்கும் கம்பி மெலிசு. டின்னில் நிஜமாகவே செத்திருந்த ஒயர் ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். ஓடும் ரயிலில் வாங்கிய, சிவப்பு நைலான் பின்னல் போட்ட, தாம்புக்கயிறு மாதிரி தடித்த ஒயர். பின்னலுக்குக் கீழே ரப்பர், ரப்பருக்குக் கீழே நிரப்புவதற்கு வெள்ளைப் பருத்தி நூல். அந்த நூலுக்கு நடுவில் சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிகள். ஒவ்வொன்றிலும் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த இழைகள் ஏழெட்டு. தகவல் கொண்டுபோகும் பச்சை, வெள்ளைக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இழையைப் பிளேடால் சுரண்டினால் செம்புநிறம் போய் வெள்ளி மாதிரி தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். அலுமினியம் செம்பைப்போல 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும்.

கம்பியின் தடிமனை ஏடபிள்யூஜி என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமன். ஓரளவு நேர்மையான ஒயரின் தோல்மேல் பொடி எழுத்தில் 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி என்ற மாதிரி அச்சிட்டிருக்கும். 1பி என்பது தகவல் போகும் ஒரு ஜோடி. 2சி என்பது கரண்ட் போகும் இரண்டு கம்பிகள். நமக்கு வேண்டியது இரண்டாவது எண். 

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 28ஆம் எண் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. கரண்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் ஒயரில் 0.42 ஓம். போன் 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.85 வோல்ட் கரைந்து, 5 வோல்ட் போனுக்கு 4.15 ஆகப் போய்ச் சேரும். வோல்ட் இறங்குவதைப் பார்த்தவுடன் போன் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் ஆமை வேகம். 24ஆம் எண்ணில் அதே ஒரு மீட்டருக்குப் போக வர 0.17 ஓம்தான். இழப்பு 0.34 வோல்ட். போன் கண்டுகொள்ளாது. இப்போது 28ஆம் எண்ணையே 2 மீட்டருக்கு நீட்டுங்கள். போனுக்கு 4.4 வோல்ட்டாவது வர வேண்டும் என்றால் 0.7 ஆம்பியருக்கு மேல் அந்த வழியில் கொண்டுபோக முடியாது.

அதாவது, மலிவான ஒயரிலேயே நல்லது வேண்டுமென்றால் குட்டையாக வாங்குங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்க 2 மீட்டர் வேண்டும் என்பவர்கள் அந்த ஒன்றுக்குக் கூடுதலாகக் காசு போட வேண்டும். நைலான் பின்னல் வெறும் சட்டை. உரசலைத் தாங்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"ஃபாஸ்ட் சார்ஜிங்" என்ற எழுத்து வருவதில்லை

இது பல நேரங்களில் சாதி மாறிய கல்யாணம் மாதிரி. ஒயர் நல்ல ஒயர், அடாப்டர் நல்ல அடாப்டர், இரண்டு வீட்டாருக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களின் அதிவேக முறை தாழ்ந்த வோல்ட்டில் அதிக ஆம்பியர் அனுப்புவது. அதற்கு அடாப்டர், ஒயர், போன் மூன்றும் அந்த முறையைப் பேச வேண்டும். ஷாவ்மியின் 67, 120 வாட் முறைக்கும் இதேபோல மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் போன்களுக்குப் பெட்டியில் வந்த ஒயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போய்விட்டால் அதே கம்பெனி ஒயரையே வாங்குங்கள். அவசரத்துக்குப் போட்ட பொது ஒயரில் மெதுவாக ஏறுவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

சாம்சங், பிக்ஸல், புது ஐபோன் எல்லாம் யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது முறை. அதற்கு இரு முனையும் டைப் சி ஆக இருக்க வேண்டும். ஒரு முனை பழைய அகலமான டைப் ஏ என்றால் அந்த வழியே கிடையாது. சி-டு-சி ஒயர் எதுவாக இருந்தாலும் முறைப்படி 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 20 வோல்ட்டில் அது 60 வாட். சாம்சங்கின் 25 வாட்டுக்கு இது தாராளம். 45 வாட் சாம்சங்குக்கும் 65 வாட் லேப்டாப்புக்கும் 5 ஆம்பியர் ஒயர் வேண்டும். 65 வாட் என்றால் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர், கால் ஆம்பியர்தான் கூடுதல், ஆனாலும் விதி விதிதான். 5 ஆம்பியர் ஒயரின் மூக்குக்குள் ஈ-மார்க்கர் என்று ஒரு சின்ன சிப் இருக்கும். "நான் 5 தாங்குவேன்" என்று அது சொன்னால்தான் அடாப்டர் திறந்துவிடும். 25 வாட் போனை மட்டும் வைத்துக்கொண்டு 240 வாட் என்று எழுதிய ஒயருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது, டிவிஎஸ் 50க்கு லாரி டயர் தேடுவது.

போனுக்கு ஏறுகிறது, டிரிம்மருக்கு ஏறவில்லை

கழுத்தில் மாட்டும் ஃபேன், டார்ச், மலிவு ஸ்பீக்கர் எல்லாம் இந்த வகை. ஓட்டை டைப் சி, ஆனால் சி-டு-சி ஒயர் போட்டால் உயிரில்லை. குற்றம் பொருளைச் செய்தவருடையது. டைப் சி அடாப்டர், மறுமுனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை (மின்தடையை) கண்டால்தான் கரண்டையே விடும். சில காசுகளை மிச்சம் பிடிக்க அதைப் போடாமல் விட்டிருப்பார்கள். பெட்டியில் வந்த குட்டி ஏ-டு-சி ஒயரைப் பழைய அடாப்டரில் போட்டால் ஏறிவிடும். வேறு ஒயர் வாங்குவதாக இருந்தாலும் ஏ-டு-சி தான். முறுக்கு டின்னில் இருந்த இரண்டு ஒயர் இப்படித்தான் பிழைத்தன.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 65 வாட் அடாப்டரில் சின்ன இயர்பட்ஸ் போட்டால் வெடிக்குமா? ஒழுங்கான அடாப்டர் என்றால் ஆகாது. அது 5 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும், கேட்டால்தான் ஏற்றும். எவ்வளவு ஆம்பியர் என்பதை இழுக்கும் பொருள்தான் முடிவு செய்கிறது. பவர் பேங்கில் இயர்பட்ஸ் போட்டால் சற்று நேரத்தில் நின்றுவிடுவதும் ஒயரால் அல்ல. இழுப்பு மிகக் குறைவாக இருப்பதால், ஒன்றும் இல்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தூங்கிவிடுகிறது.

சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை

முதலில் போனின் அறிவிப்பில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், நான் கீறிப் பார்த்த ரயில் ஒயர் மாதிரி, தகவல் கம்பிகளே இல்லாத ஒயர். போனைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ வராததற்கும் இது ஒரு காரணம். இரவு முழுக்கச் சார்ஜ் போட மட்டும் அது போதும், தூக்கிப் போட வேண்டாம்.

சுடுகிறது

எங்கே சுடுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். போனும் அடாப்டரும் இளஞ்சூடாக இருப்பது வழக்கம். ஒயர் முழுக்கச் சூடு என்றால் கம்பி மெலிசு. ஒரு முனை மட்டும் சுட்டால் அந்த முனையில் தொடுப்பு சரியில்லை. மூக்கைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, வாடை வந்தாலோ, அன்றோடு அந்த ஒயருக்கு விடை கொடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

மோசமான ஒயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணம் உண்டு. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், 2015இல் அமேசானில் விற்ற டைப் சி ஒயர்களை வாங்கிச் சோதித்து எழுத ஆரம்பித்தார். ஏ-டு-சி ஒயருக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பல ஒயர்களில் 10 கிலோ ஓம் இருந்தது. அப்படி இருந்தால் போன், 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நம்பி, கொடுக்க வக்கில்லாத ஓட்டையிலிருந்து இழுக்கும். 2016 பிப்ரவரியில் ஒரு ஒயருக்குள் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறியிருந்தன. செருகியதும் அவருடைய குரோம்புக் பிக்ஸல் லேப்டாப்பே கெட்டுப்போனது.

சார்ஜில் போட்டால் டச் தானாக ஓடுகிறது, உடம்பு ஜிவ்வென்கிறது

ஒயரை மாற்றிப் பயனில்லை, அடாப்டரைப் பாருங்கள். வடிகட்டல் மோசமான அடாப்டரின் இரைச்சல் திரையைக் குழப்புகிறது. உலோக உடம்புள்ள போனில் லேசாக எறும்பு ஊர்வது போலிருப்பது எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர்களில் உண்டு. சுரீரென்று அடித்தால் உடனே கழற்றுங்கள். அடாப்டரின் முதுகில் ஐஎஸ் 13252 போன்ற ஒரு தர எண்ணும், அதனுடன் ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவெண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும்.

சரி, வாங்கியே ஆக வேண்டும்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு யூஎஸ்பி மீட்டரையும் சின்னப் பவர் பேங்கையும் போட்டுக்கொண்டு போவேன். மீட்டர் சுண்டுவிரல் நீளம்தான், சில நூறு ரூபாய். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். கடைசியாகப் போனபோது நடந்தது:

"அண்ணே, இது எத்தனை ஆம்ப்?"

"எல்லாமே ஃபாஸ்ட் சார்ஜிங்தான் சார். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"போன்ல போட்டுப் பார்த்துக்கலாமா?"

"பாக்கெட்ட கிழிக்காம பாருங்க."

கிழிக்காமல் எப்படிப் பார்ப்பது? அங்கேயே பிரித்துத் தொங்கவிட்டிருந்த மூன்று ஏ-டு-சி மாதிரிகளை அதே பவர் பேங்க், அதே மீட்டர், அதே போனில் போட்டேன். போனில் சார்ஜ் 40 சதவீதத்தில் இருந்தது. நிரம்பிய போனில் சோதித்தால் எல்லா ஒயரும் மந்தமாகத்தான் தெரியும். 80 ரூபாய் ஒயரில் 0.9 ஆம்பியர். 350 ரூபாய் பின்னல் ஒயரில் 1.4. தோல்மேல் 22ஏடபிள்யூஜி/2சி என்று எழுதியிருந்த, பார்க்க ஒன்றுமில்லாத, ஒரு மீட்டர் வெள்ளை ரப்பர் ஒயரில் 1.9. விலை 150. கடைக்காரர் மேசைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சார், அந்த மெஷின் எங்க வாங்கினீங்க?"

"ரெண்டு கடை தள்ளி."